கூகுளுக்கு ஒரு பக்கம், வருபவருக்கு வேறு பக்கம்

கேள்வி: நான் உள்ளலங்கார வடிவமைப்பாளர். என் இணையதளம் முழுக்கப் படங்கள்தான், எழுத்து மிகக் குறைவு. வருபவர்கள் ரசிக்கிறார்கள். ஆனால் கூகுளில் தேடினால் என் தளம் எங்கேயும் தென்படுவதில்லை. அதனால் தளங்களைத் தேடலில் மேலே கொண்டுவரும் ஒரு எஸ்.இ.ஓ. நிறுவனத்தை அமர்த்தினேன். அவர்கள் தளத்தில் ஒரு பிளகின், அதாவது ஒரு கூடுதல் நிரல், போட்டிருக்கிறார்கள். கூகுளின் பாட் (தளங்களைத் தானாகப் படித்துப்போகும் நிரல்) வந்தால் இரண்டாயிரம் சொல் கட்டுரை ஒன்று போகும். மனிதர் வந்தால் வழக்கமான படப்பக்கம் வரும். "பார்வையாளருக்கு எந்த நஷ்டமும் இல்லை, எல்லோரும் செய்வதுதான்" என்கிறார்கள். மூன்று வாரமாக ஓடுகிறது, வருகையும் கொஞ்சம் கூடியிருக்கிறது. என் டெவலப்பர் இது தப்பு என்கிறார். ஆனால் தளம் பிரவுசருக்குள் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் நிரலில் இயங்குவதால் அவரும் பாட்களுக்குத் தனியாக ஒரு தயார் நகல் அனுப்புகிறாராம். இரண்டும் ஒன்றுதானே? இன்னொன்றும் கேட்க வேண்டும். உறுப்பினர்களுக்கு மட்டுமான கட்டணப் பாடங்கள் சில வைத்திருக்கிறேன். அவற்றைக் கூகுளுக்கு மட்டும் திறந்து விடலாமா?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

நிறுவனம் போட்டிருக்கும் பிளகினை நிறுத்திவிடுங்கள். அதற்குப் பெயர் க்ளோக்கிங். கூகுளும் பிங்கும் தங்கள் விதிகளில் வெளிப்படையாகத் தடை செய்திருக்கும் வேலை அது. உங்கள் டெவலப்பர் அனுப்பும் நகல் அந்த வகையில் சேராது. ஆனால் கவனிக்காமல் விட்டால் அதுவும் வம்பில் கொண்டுபோய் விடும். கட்டணப் பாடங்களைக் கூகுளுக்குத் திறந்து காட்டலாம், அதற்கென்று ஒரு முறை இருக்கிறது.

மூன்று கேள்விக்கும் மூன்று விதமான பதில் வருகிறதே என்று தோன்றலாம். உள்ளே என்ன நடக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டால் தெளிந்துவிடும்.

ஒரு பக்கத்தைக் கேட்டு யார் வந்தாலும், வரும்போதே "நான் இன்னார்" என்று ஒரு வரியில் சொல்லிக்கொண்டுதான் வருவார்கள். யூசர் ஏஜென்ட் என்று அந்த வரிக்குப் பெயர். உங்கள் போனில் இருக்கும் குரோம் தன் பெயரைச் சொல்லும், கூகுளின் பாட் கூகுள்பாட் என்று சொல்லும். பிளகினுக்குள் இருப்பது ஒரே ஒரு நிபந்தனை: அந்த வரியில் கூகுள்பாட் என்ற சொல் இருக்கிறதா? இருந்தால் கட்டுரை, இல்லாவிட்டால் படம். அவ்வளவுதான் அதன் மொத்தப் புத்தி. கொஞ்சம் தேர்ந்தவர்கள் இன்னொரு படி போவார்கள். பெயரை யார் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம் என்பதால், வந்தவரின் ஐ.பி. முகவரியை எடுத்து, அது உண்மையிலேயே கூகுளுடைய டொமைனில்தான் போய் முடிகிறதா என்று பார்ப்பார்கள். போலி பாட்களை அடையாளம் காண்பதற்காக இந்தச் சோதனையைக் கூகுளே சொல்லிக்கொடுத்திருக்கிறது, தன் ஐ.பி. முகவரிப் பட்டியலையும் வெளியிட்டிருக்கிறது. தளத்தைக் காக்கக் கொடுத்த கருவியை ஒளித்து வைப்பதற்குப் பயன்படுத்துகிறார்கள்.

வந்தவர் யார் என்று பார்த்து, அதற்கேற்பப் பக்கம் கொடுப்பதில் தப்பே இல்லை. போனில் வருபவருக்கு ஒரு அமைப்பும் கணினியில் வருபவருக்கு வேறு அமைப்பும் தருகிறோம். வந்தவரின் மொழியைப் பார்த்துப் பக்கம் மாற்றுகிறோம். இரண்டு தலைப்புகளில் எது எடுபடுகிறது என்று பார்க்க, பாதிப் பேருக்கு ஒன்றும் மீதிப் பேருக்கு இன்னொன்றும் கொஞ்ச நாள் காட்டுகிறோம். இதையெல்லாம் கூகுள் க்ளோக்கிங் என்று சொல்வதில்லை. அதன் விதி கேட்பது நோக்கத்தை. தேடல் வரிசையில் மேலே போவதற்காகவும், வருபவரைத் திசைதிருப்பவும் பாட்டுக்கு ஒன்று, மனிதருக்கு வேறொன்று காட்டினால்தான் அது க்ளோக்கிங்.

இந்த இடத்தில் உங்கள் நிறுவனத்தின் வாதம் வருகிறது: "பார்வையாளருக்கு எந்த நஷ்டமும் இல்லை." இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது.

ஒரு பெண்மணி வீட்டைப் புதுப்பிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். குறுகலான சமையலறை. மேல் அலமாரியின் ஆழம் எவ்வளவு இருந்தால் தலையில் இடிக்காது என்று தெரிய வேண்டும். கூகுளில் தேடுகிறார். உங்கள் கண்ணில் படாத அந்தக் கட்டுரையில் அதைப் பற்றி ஒரு பத்தி இருக்கிறது. கூகுள் அதிலிருந்து இரண்டு வரியை எடுத்து, உங்கள் தளத்தின் பெயருக்குக் கீழே காட்டுகிறது. விடை கிடைத்துவிட்டது என்று நினைத்து உள்ளே வருகிறார். நாற்பது படங்கள். அழகான படங்கள்தான். ஆனால் அவர் படித்த அந்த இரண்டு வரி எங்கேயும் இல்லை. கீழே வரைக்கும் தள்ளிப் பார்க்கிறார், மெனுவைத் திறந்து பார்க்கிறார், ஒருவேளை தவறான பக்கத்துக்கு வந்துவிட்டோமோ என்று திரும்பிப் போய் மறுபடி அழுத்துகிறார். மறுபடியும் அதே படங்கள்.

உங்கள் பெயரில் ஒரு வாக்கு கொடுக்கப்பட்டது, அது காப்பாற்றப்படவில்லை. நஷ்டம் அங்கேதான் இருக்கிறது. அவருடைய நேரம் போனது ஒரு பக்கம். நாளைக்கு அவர் வடிவமைப்பாளரைத் தேடும்போது உங்கள் பெயரைப் பார்த்ததும் என்ன நினைப்பார் என்பது இன்னொரு பக்கம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அந்தக் கட்டுரையில் என்ன இருக்கிறது என்று ஓரிடத்திலும் நீங்கள் சொல்லவில்லை. நீங்கள் அதைப் படித்தீர்களா? படித்திருக்க மாட்டீர்கள் என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் உங்கள் தளத்துக்கு நீங்கள் போனால் அது உங்களுக்கு வராது. நீங்களும் மனிதர்தானே. உங்கள் தொழிலைப் பற்றி, உங்கள் பெயரில், உலகம் முழுக்கத் தேடுபவர்களிடம் பேசிக்கொண்டிருக்கும் இரண்டாயிரம் சொற்களை நீங்களே பார்த்ததில்லை. விதியை மீறுவதைவிட எனக்கு அதிகம் கவலை தருவது இதுதான். அது எவ்வளவு பெரிய ஆபத்து என்பதை ஒரு வாடிக்கையாளரின் தளத்தில் கண்கூடாகப் பார்த்திருக்கிறேன்.

மொழிபெயர்ப்புச் சேவை நடத்தும் ஒருவர் என்னைக் கூப்பிட்டார். கூகுளில் தன் நிறுவனத்தின் பெயரைத் தேடினால், ஜப்பானிய மொழியில் தலைப்புகள் வருகின்றன, ஏதோ கைப்பை விற்பது போல இருக்கிறது என்றார். தளத்தைத் திறந்தால் எல்லாம் சரியாகத்தான் இருந்தது, அவருக்கும் சரி, எனக்கும் சரி. சர்வரில் புகுந்து முதல் பக்கத்தின் கோப்பைத் திறந்தேன். மேலே ஒரே ஒரு நீளமான வரி, எழுத்தும் எண்ணும் கலந்து ஒன்றும் புரியாதபடி. அதை அவிழ்த்துப் பார்த்தால் உள்ளே அதே நிபந்தனை: வந்தது கூகுள்பாட்டா? ஆம் என்றால் கைப்பைப் பட்டியல். இல்லையென்றால் வழக்கமான பக்கம். யாரோ தளத்துக்குள் புகுந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். தளம் தேடலில் எப்படித் தெரிகிறது என்று உரிமையாளருக்குக் கூகுள் காட்டும் கருவிக்கு சர்ச் கன்சோல் என்று பெயர். அவருடைய சர்ச் கன்சோலில் முன்பின் தெரியாத ஒரு முகவரி உரிமையாளராக வேறு சேர்ந்திருந்தது. ஒரு மாதத்துக்கு மேல் இப்படியே ஓடியிருக்கிறது. இத்தனைக்கும் அவர் தினமும் காலையில் தன் தளத்தைத் திறந்து பார்க்கும் பழக்கம் உள்ளவர். திறந்து பார்த்ததால்தான் சந்தேகமே வரவில்லை.

இந்த வகைத் தாக்குதல் மிகவும் பரவலானது. மருந்துப் பெயர்களை நுழைப்பது ஒரு வகை, ஜப்பானியச் சொற்களை நுழைப்பது இன்னொரு வகை. திருடர்கள் க்ளோக்கிங்கைப் பயன்படுத்துவதற்குக் காரணமே, உரிமையாளரின் கண்ணை அது கட்டிவிடும் என்பதுதான். அவருடைய தளத்தில் நான் அழித்த அந்த வரியும் உங்கள் பிளகினில் இருக்கும் வரியும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. அங்கே கேட்காமல் வைத்தார்கள், உங்களிடம் பணம் வாங்கிக்கொண்டு வைத்திருக்கிறார்கள்.

"எல்லோரும் செய்வதுதான்" என்ற வாதத்துக்கும் ஒரு பதில் சொல்ல வேண்டும். 2006 பிப்ரவரியில் பி.எம்.டபிள்யூ. நிறுவனத்தின் ஜெர்மன் தளத்தையே கூகுள் தன் தேடலில் இருந்து நீக்கியது. அந்தத் தளத்தில் பழைய கார் என்பதற்கான ஜெர்மன் சொல்லைத் திரும்பத் திரும்ப நிரப்பிய பக்கங்கள் இருந்தன. மனிதர் உள்ளே போனால் ஜாவாஸ்கிரிப்ட் அவரைப் படங்கள் நிறைந்த வேறு பக்கத்துக்குத் தள்ளிவிடும். அந்தக் காலத்தில் பாட் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டாது, அதனால் எழுத்துப் பக்கத்திலேயே நிற்கும். கூகுளின் ஸ்பாம் தடுப்புக் குழுவுக்கு அப்போது தலைவராக இருந்த மேட் கட்ஸ் இதைத் தன் வலைப்பதிவில் வெளிப்படையாகவே எழுதினார். அந்தப் பக்கங்களை எடுத்த பிறகு சில நாட்களில் தளம் திரும்ப வந்தது. அவ்வளவு பெரிய பெயருக்குச் சில நாட்களில் வழி பிறந்தது. தனியாகத் தொழில் செய்பவர் அதே வேகத்தை எதிர்பார்க்க முடியாது. மறுபரிசீலனைக்கு விண்ணப்பித்துவிட்டு வாரக்கணக்கில் காத்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அப்போதைய தந்திரம் இன்று பலிக்கவும் பலிக்காது. 2019 மே மாதத்திலிருந்து கூகுள்பாட் குரோமுக்கு அடிப்படையான குரோமியம் பிரவுசரின் புதிய பதிப்பைக் கொண்டுதான் பக்கங்களைப் பார்க்கிறது. ஜாவாஸ்கிரிப்டை ஓட்டி, பக்கம் திரையில் எப்படித் தெரியும் என்பது வரை கணக்கில் எடுக்கிறது. இது போக, ஆட்களே உட்கார்ந்து பக்கங்களைப் பார்த்து முடிவெடுக்கும் குழுவும் உண்டு. ஸ்பாம் என்று புகார் அனுப்ப யாருக்கும் வசதி இருக்கிறது, உங்கள் போட்டியாளருக்கும் இருக்கிறது. தேடல் முடிவில் இருக்கும் வரிகள் பக்கத்தில் இல்லை என்பதைக் கண்டுபிடிக்க எந்தத் தொழில்நுட்பமும் தேவையில்லை.

கூடியிருக்கும் வருகையைப் பற்றி ஒரு வார்த்தை. சர்ச் கன்சோலில் எந்தத் தேடலுக்காக வந்தார்கள் என்ற பட்டியலை எடுங்கள். உங்களை வேலைக்கு அமர்த்தக்கூடியவர்கள் தேடும் சொற்களா, அல்லது கட்டுரையில் நிரப்பி வைத்த பொதுச் சொற்களா என்று பாருங்கள். மூன்று வாரத்தில் எத்தனை பேர் உங்களுக்கு எழுதினார்கள் என்பதையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டாவது எண்தான் உங்களுக்கு வேண்டியது.

சரி, டெவலப்பரின் விஷயத்துக்கு வருகிறேன். அவர் நல்லவர், நேர்மையாகவும் சொல்லியிருக்கிறார். அவர் செய்வதற்கு டைனமிக் ரெண்டரிங் என்று பெயர். உங்கள் தளத்தில் சர்வரிலிருந்து முதலில் போவது ஏறக்குறைய ஒரு வெற்றுப் பக்கம். ஜாவாஸ்கிரிப்ட் ஓடிய பிறகுதான் படமும் எழுத்தும் நிரம்புகின்றன. எல்லா பாட்களும் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டுவதில்லை, ஓட்டும் பாட்டுக்கும் சில நேரம் தடங்கல் வரும். எனவே அவர் சர்வரிலேயே பக்கத்தை முழுதாகச் சமைத்து, அந்தத் தயார் நகலை பாட்டுக்குக் கொடுக்கிறார். கடைசியில் மனிதர் பார்ப்பதும் பாட் பார்ப்பதும் ஒரே படம், ஒரே எழுத்து. வந்து சேரும் வழி மட்டும் வேறு. 2018-இல் கூகுளே இந்த முறையைப் பரிந்துரைத்தது. உள்ளடக்கம் ஒன்றாக இருக்கும்வரை இது க்ளோக்கிங் ஆகாது என்றும் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

ஆனால் 2022-இல் கூகுள் தன் குறிப்பை மாற்றிக்கொண்டது. இது ஒரு தற்காலிக ஒட்டு வேலைதான், நீண்ட காலத்துக்கு இதை நம்பாதீர்கள் என்கிறது இப்போது. அனுபவத்தில் நானும் அதையே சொல்வேன். இரண்டு நகல் இருந்தால் இரண்டும் மெல்ல மெல்ல விலகும். மனிதருக்கான பக்கத்தில் எதையாவது மாற்றுவீர்கள், பாட்டுக்கான நகல் பழையதாகவே சேமிப்பில் உட்கார்ந்திருக்கும். நான் கவனித்துவந்த ஒரு தளத்தில், நகல் எடுக்கும் சர்வர் நடுவில் நினைவகம் தீர்ந்து திணறிப்போய், பாட்டுக்கு இரண்டு வாரம் வெறும் வெள்ளைப் பக்கத்தையே அனுப்பிக்கொண்டிருந்தது. மனிதர்களுக்குத் தளம் ஜம்மென்று ஓடியது. ஒருவர்கூடப் புகார் சொல்லவில்லை, சொல்வதற்கு எதுவும் அவர்களுக்குத் தெரியவில்லையே. பக்கங்கள் ஒவ்வொன்றாகத் தேடலில் இருந்து உதிரத் தொடங்கிய பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. யாரும் ஏமாற்ற நினைக்கவில்லை. ஆனாலும் உரிமையாளர் பார்க்காத ஒரு பக்கம் இருந்தது, கேடு அங்கேதான் குடியேறியது.

எனவே உங்கள் டெவலப்பரிடம் இதைக் கேளுங்கள்: பாட், மனிதர் என்ற பாகுபாடே இல்லாமல், எல்லோருக்கும் சர்வரிலேயே சமைத்த பக்கத்தை அனுப்ப முடியுமா? இன்று புழக்கத்தில் இருக்கும் ஜாவாஸ்கிரிப்ட் ஃப்ரேம்வொர்க்குகள் பலவற்றில் இந்த வசதி இருக்கிறது. உங்களுடையது மாதத்துக்கு நாலைந்து முறை மாறும் படத் தளம்தான். முன்கூட்டியே தயாரித்து வைத்த நிலையான பக்கங்களே தாராளமாகப் போதும். பக்கம் வேகமாகவும் திறக்கும்.

கட்டணப் பாடங்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சந்தா வைத்திருக்கும் செய்தித்தாள்கள் பல வருடங்களாகச் செய்வதுதான் இது. முழுப் பாடத்தையும் கூகுள்பாட் படிக்கலாம், மனிதருக்கு முதல் சில பத்திகளும் அதன் கீழே "உறுப்பினர் ஆகுங்கள்" என்ற அறிவிப்பும். இதை க்ளோக்கிங்கில் இருந்து பிரித்துக் காட்ட, தேடுபொறி படிப்பதற்காகப் பக்கத்துக்குள் வைக்கும் ஸ்கீமா குறிப்பில் இந்தப் பகுதி இலவசமாகக் கிடைக்காது என்றும், பூட்டிய பகுதி பக்கத்தில் எது என்றும் எழுதி வைக்க வேண்டும். ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம், அதனால் பிரச்சினை இல்லை. முன்பெல்லாம் தேடலில் இருந்து வருபவருக்கு முதல் கட்டுரையை இலவசமாகக் காட்டியே ஆக வேண்டும் என்று கூகுள் எதிர்பார்த்தது. 2017 அக்டோபரில் அதைக் கைவிட்டது. எவ்வளவு இலவசமாகக் காட்டலாம் என்பது இப்போது உங்கள் முடிவு. தாராளமாகக் காட்டுங்கள் என்பது என் யோசனை. இங்கேயும் ஒருவர் விடை தேடித்தான் வருகிறார். பூட்டு இருக்கிறது என்று தெரிவதற்குள் அவருக்கு ஏதாவது ஒன்று கையில் கிடைத்திருக்க வேண்டும்.

இனி உங்கள் தளத்தில் செய்ய வேண்டியது.

நிறுவனத்திடம் பேசுவதற்கு முன்பே அந்த மறைந்திருக்கும் பக்கத்தை உங்கள் கண்ணால் பார்த்துவிடுங்கள். கணினியில் குரோமைத் திறந்து, டெவலப்பர் டூல்ஸுக்குள் நெட்வொர்க் கண்டிஷன்ஸ் என்ற பகுதிக்குப் போங்கள். யூசர் ஏஜென்ட் என்ற இடத்தில் பிரவுசரின் சொந்தப் பெயர் வேண்டாம் என்று டிக்கை எடுத்துவிட்டு, பட்டியலில் இருந்து கூகுள்பாட்டைத் தேர்ந்தெடுத்துப் பக்கத்தை மறுபடி ஏற்றுங்கள். பிளகின் பெயரை மட்டும் பார்ப்பதாக இருந்தால் அந்தக் கட்டுரை அப்படியே உங்கள் முன்னால் வந்து நிற்கும். முழுதாகப் படியுங்கள், சேமித்தும் வைத்துக்கொள்ளுங்கள்.

படப்பக்கமே வந்தால் பிளகின் ஐ.பி. முகவரியையும் பார்க்கிறது என்று அர்த்தம். அப்போது சர்ச் கன்சோலில் யு.ஆர்.எல். இன்ஸ்பெக்ஷன் கருவியில் பக்கத்தின் முகவரியைக் கொடுங்கள். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, பலர் கோட்டை விடும் இடம். அங்கே இருக்கும் நேரடிச் சோதனை 2023-இல் இருந்து கூகுள்பாட் என்ற பெயரில் வருவதில்லை, கூகுள் இன்ஸ்பெக்ஷன் டூல் என்று வேறு பெயர் சொல்லி வருகிறது. கூகுள்பாட் என்ற சொல்லை மட்டும் தேடும் பிளகின் அதற்கு மனிதருக்கான பக்கத்தைக் கொடுத்துவிடும், எல்லாம் சரி என்று நீங்களும் நினைத்துவிடுவீர்கள். ஆகவே நேரடிச் சோதனையோடு நிற்காமல், ஏற்கெனவே கூகுள்பாட் எடுத்துப்போய் இன்டெக்ஸில், அதாவது தன் தேடல் பட்டியலில், வைத்திருக்கும் பக்கத்தின் எச்.டி.எம்.எல்.லை (பக்கத்தின் மூலக் குறியீட்டை) திறந்து படியுங்கள். உங்களைப் பற்றிக் கூகுளிடம் இருக்கும் பதிவு அதுதான்.

பார்த்தாகிவிட்டதா, அப்புறம் பிளகினை நிறுத்தி, நீக்கவும் நீக்குங்கள். சர்வரின் விதிகள் எழுதியிருக்கும் எச்.டி.ஆக்சஸ் கோப்பிலும், தளத்துக்கு முன்னால் நின்று பக்கங்களை வருபவருக்கு அனுப்பும் சி.டி.என். அமைப்பிலும் இதே நிபந்தனை எழுதப்பட்டிருக்கிறதா என்று டெவலப்பரைத் தேடச் சொல்லுங்கள். பிளகின் போன பிறகும் அங்கே மிச்சம் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். தேடுபொறிக்குக் கொடுக்கும் பக்கப் பட்டியலான சைட்மேப்பில் உங்களுக்குத் தெரியாத பக்கங்கள் இருந்தால் எடுத்துவிடுங்கள். நிறுவனத்துக்குக் கொடுத்த நிர்வாகி கணக்கையும் சர்ச் கன்சோல் அனுமதியையும் திரும்பப் பெறுங்கள். அவர்கள் மாற்று யோசனையாக, எழுத்தைப் பக்கத்திலேயே வைத்துவிட்டு வெள்ளைப் பின்னணியில் வெள்ளை நிறத்தில் எழுதலாம், அல்லது திரைக்கு வெளியே தள்ளி வைக்கலாம் என்று சொல்லக்கூடும். அதுவும் மறைத்து வைத்த எழுத்து என்ற தடையில்தான் வரும். ஒப்புக்கொள்ளாதீர்கள்.

வருகை குறையும். அந்தக் கட்டுரை கொண்டுவந்த பங்கு போய்விடும். இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு செய்தால் பதற்றம் இருக்காது.

இப்போது உங்கள் அடிப்படைப் பிரச்சினைக்கு வருகிறேன், ஏனென்றால் அது நியாயமான பிரச்சினை. எழுத்து இல்லாத தளத்தைத் தேடுபொறியால் புரிந்துகொள்வது கடினம்தான். எழுத்து போட்டால் அழகு கெடும் என்ற உங்கள் பயமும் புரிகிறது. ஆனால் உங்கள் வாடிக்கையாளர் முதன்முதலில் உங்களைச் சந்திக்கும்போது படத்தை மட்டும் காட்டிவிட்டு எழுந்து போய்விடுவீர்களா? இந்த ஜன்னலை ஏன் மறைக்கவில்லை, இந்த மூலையில் இழுப்பறையை ஏன் வைத்தோம் என்று சொல்லிக்கொண்டே போவீர்கள் அல்லவா? அந்தப் பேச்சுதான் உங்கள் தளத்தில் இல்லை. அந்த இரண்டாயிரம் சொல் கட்டுரையைவிட அதற்கு மதிப்பு அதிகம், அதை உங்களைத் தவிர வேறு யாராலும் எழுதவும் முடியாது.

நாற்பது படங்களை ஒரே பக்கத்தில் அடுக்காமல், செய்துமுடித்த ஒவ்வொரு வேலைக்கும் தனிப் பக்கம் கொடுங்கள். தலைப்பில் தொகுப்பு மூன்று, தொகுப்பு நான்கு என்று இருப்பதை மாற்றி, "நீளவாக்கில் குறுகிய சமையலறையை இருவர் நின்று வேலை செய்யும்படி மாற்றியது" என்பது போல இருக்கட்டும். கீழே ஏழெட்டு வரி போதும்: வீட்டுக்காரர் கேட்டது என்ன, அறையின் அளவு என்ன, முதலில் யோசித்தது ஏன் சரிப்படவில்லை, கடைசியில் என்ன செய்தீர்கள். தனியுரிமைக்காக வீட்டுக்காரரின் பெயரும் முகவரியும் வேண்டாம். அந்த அலமாரி ஆழத்தைத் தேடி வந்த பெண்மணிக்கு விடை அந்த ஏழெட்டு வரிக்குள் இருக்கும், பக்கத்திலேயே அதன் படமும் இருக்கும். அவருக்கு அதைவிட நல்ல பக்கம் கிடைக்காது.

படங்களுக்கு ஆல்ட் எழுத்து என்று ஒன்று உண்டு. உங்கள் தளத்தில் அநேகமாகக் கேமரா கொடுத்த எண்ணே அங்கே உட்கார்ந்திருக்கும். அதை எடுத்துவிட்டு, "ஜன்னலுக்குக் கீழே ஆழமான இழுப்பறைகள், இடது சுவரில் கதவில்லாத அலமாரி" என்று, படத்தைப் பார்க்காத ஒருவருக்கு வாயால் சொல்வது போல எழுதுங்கள். பார்வையற்றவர்களுக்குத் திரைவாசிப்பான் படித்துக் காட்டுவது இந்த வரியைத்தான். படம் எதைப் பற்றியது என்று கூகுள் தெரிந்துகொள்வதும் இதையும் படத்துக்கு அருகில் இருக்கும் எழுத்தையும் வைத்துத்தான். நாளுக்கு ஐந்து படம் என்று உட்கார்ந்தால் ஒரு வாரத்தில் முக்கியமானவை முடிந்துவிடும்.

அவ்வளவு எழுத்தும் கண்ணில் பட வேண்டாம் என்றால், "மேலும் படிக்க" என்று ஒரு பட்டன் வைத்து, அழுத்தினால் விரியும்படி செய்யலாம். இது மறைத்து வைத்த எழுத்து ஆகாது, வேண்டும் என்பவர் அழுத்திப் படிக்கலாம் என்பதால். ஒன்றை மட்டும் டெவலப்பரிடம் சொல்லிவிடுங்கள்: பக்கம் வரும்போதே அந்த எழுத்தும் எச்.டி.எம்.எல்.லில் வந்துவிட வேண்டும். கூகுள்பாட் பட்டனை அழுத்தாது. அழுத்திய பிறகுதான் சர்வரில் இருந்து கொண்டுவருவோம் என்று எழுதினால், கூகுளைப் பொறுத்தவரை அந்த எழுத்து இல்லவே இல்லை.

சேமித்து வைத்தீர்களே அந்தக் கட்டுரை, அதில் உண்மையான, நீங்கள் ஒப்புக்கொள்ளும் பத்திகள் இருந்தால் வீணாக்க வேண்டாம். உங்கள் மொழியில் திருத்தி, பொருத்தமான வேலையின் பக்கத்தில், எல்லோரும் பார்க்கும்படி போடுங்கள்.

கடைசியாக, சர்ச் கன்சோலில் மேனுவல் ஆக்ஷன்ஸ் என்ற பகுதியைத் திறந்து பாருங்கள். கூகுளின் ஆட்கள் உங்கள் தளத்தின் மீது நடவடிக்கை எடுத்திருந்தால் அங்கே தெரியும். அங்கே ஒன்றும் இல்லை என்று வந்தால் கூகுளுக்கு எதுவும் எழுத வேண்டியதில்லை, பாட் மறுபடி வரும்போது புதிய பக்கத்தை எடுத்துக்கொள்ளும். க்ளோக்கிங் என்று அறிவிப்பு வந்திருந்தால் மட்டும் மறுபரிசீலனைக் கோரிக்கை அனுப்ப வேண்டும். என்ன நடந்தது, எதை நீக்கினீர்கள், எந்தத் தேதியில் நீக்கினீர்கள் என்று அதில் ஒளிக்காமல் எழுத வேண்டும். அனுப்புவதற்கு முன் அந்த அறிவிப்பின் வாசகத்தை அப்படியே எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள், சேர்ந்து பார்த்து எழுதுவோம்.